நகத்தில் ஒரு கடல்

கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் பங்குத்தந்தையின் வாசலுக்கு மூன்று வகை முறையீடுகள் வந்து சேரும். பையன் உச்சி வெயிலில் பந்தாடப் போகிறான் என்பது முதலாவது. பிள்ளைகள் கைப்பேசியைக் கீழே வைப்பதில்லை என்பது இரண்டாவது. வளர்ந்த பெண் அலங்காரத்திலேயே பொழுதைக் கழிக்கிறாள் என்பது மூன்றாவது. முதல் இரண்டுக்கும் விடை கூறுவது எளிது. வெயில் தாழட்டும் என்றும், இரவு எட்டு மணிக்கு மேல் கைப்பேசி பெற்றோர் கையில் இருக்கட்டும் என்றும் சொல்லி அனுப்பிவிடலாம். மூன்றாவது அத்தகையதன்று. அழகை நாடும் உள்ளத்தை மனிதருக்குத் தந்தவர் இறைவன். அவ்வுள்ளம் எங்கே நேரிய வழியில் செல்கிறது, எங்கே வீண் பகட்டில் விழுகிறது என்று பிரித்துச் சொல்ல வேண்டுமானால், சொல்கிறவர் முதலில் அருகே சென்று பார்க்க வேண்டும்.

இவ்வாண்டு மூன்றாம் வகை முறையீடு ஊரூர் ஒல்காட் குப்பத்திலிருந்து வந்தது. அடையாறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்துக்குத் தெற்கே, பெசன்ட் நகர்க் கடற்கரையை ஒட்டி, ஊரூர் குப்பமும் ஒல்காட் குப்பமும் ஒன்றையொன்று தழுவிக் கிடக்கின்றன. பிரம்மஞான சபையைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான கர்னல் ஒல்காட்டின் பெயர் ஒரு குப்பத்துக்கு நிலைத்துவிட்டது. தெற்கே சிறிது தொலைவு நடந்தால் எலியட்ஸ் கடற்கரையில் வெண்ணிற நினைவு மண்டபம் ஒன்று நிற்கும். 1930இல், நீரில் தத்தளித்தவர்களைக் காக்கப் போய்த் தன் உயிரை ஈந்த டென்மார்க் நாட்டவர் ஷ்மிட்டின் நினைவாக எழுப்பப்பட்டது அது. அதற்கும் தெற்கே நம் அன்னை வேளாங்கண்ணித் திருத்தலம். ஆகஸ்டு 29ஆம் நாள் கொடி ஏறியது முதல் செப்டம்பர் 8ஆம் நாள் வரை காவியுடை அணிந்த பயணிகளால் அவ்வீதிகள் நிறையும். குப்பத்து மக்களுக்கு எல்லையம்மன் கோவில் உண்டு. அவர்களுக்கிடையே நம் பங்கைச் சேர்ந்த சில வீடுகளும் உண்டு.

அவ்வீடுகளுள் ஒன்றிலிருந்து ஒரு தாய் வந்தார். மீன் விற்றுக் குடும்பம் நடத்துபவர். "சாமி, பரீட்சை முடிஞ்ச நாள்லேருந்து பொண்ணு நகத்தை வெச்சுக்கினே உக்காந்திருக்கு. தினம் ஒரு கலரு. நாலு பொண்ணுங்களையும் சேர்த்துக்கினு படகாண்ட ஒரு கடையே போட்டிருக்கு. நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லணும்" என்றார். வருகிறேன் என்றேன்.

முன்னோர் இட்ட சிவப்பு

நடந்து செல்லும்போதே ஒன்று நினைவுக்கு வந்தது. நகத்துக்கு வண்ணம் இடுவது நம் பெண்களுக்குப் புதிதன்று. மருதோன்றி இலையைப் பறித்து, கொட்டைப்பாக்கும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து, அம்மியில் மைபோல் அரைத்து, இரவு உறங்குமுன் விரல் நுனிகளில் தொப்பி போல் வைத்துக் கட்டிய கைகள் நம் அன்னையரின் கைகள். ஆடி மாதத்தில் மருதோன்றி இடாத தமிழ் இல்லம் அரிது. காலையில் கழுவியதும் யார் விரல் அதிகம் சிவந்தது என்று போட்டி நடக்கும். அவ்விலையில் உள்ள லாசோன் என்னும் பொருள், நகத்திலும் மேல்தோலிலும் உள்ள கெரட்டின் என்னும் புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால்தான் அந்தச் சிவப்பு தோன்றுகிறது. தோல் சில வாரங்களில் உதிர்ந்து புதிதாகிவிடும்; அங்கே நிறம் மறையும். நகமோ மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டரே வளர்கிறது. ஆகவே ஆடியில் இட்ட சிவப்பு மெல்ல மெல்ல மேலேறி, கிறிஸ்து பிறப்பு விழா நெருங்கும்போது நக நுனியில் ஒரு பிறைக்கீற்றாக எஞ்சி நிற்கும். நகத்தைக் கண்டே எத்தனை மாதம் கழிந்தது என்று கணக்கிட்ட பாட்டிமார் உண்டு.

திருவிவிலியமும் இச்செடியை அறியும். இனிமைமிகு பாடல் முதல் அதிகாரத்தில், எங்கேதித் தோட்டங்களில் மலர்ந்த மருதோன்றிக் கொத்துக்குத் தலைவனை ஒப்பிடுகிறாள் தலைவி. சாவுக்கடலின் உவர்மண்ணுக்கு அருகே, நீரூற்று பாயும் சோலை எங்கேதி. உப்புக் கடலோரத்தில் பூத்த அந்த மலரைத் தூய நூல் அன்பின் அடையாளமாகக் கொண்டதை எண்ணிப் பார்க்கத்தகும்.

இன்று புட்டியில் வரும் நகப்பூச்சு வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. மோட்டார் வண்டிகளுக்கு மெருகூட்டும் வண்ணப்பூச்சுக்கும் இதற்கும் உறவு உண்டு. நைட்ரோசெல்லுலோஸ் என்னும் பொருளை விரைவில் ஆவியாகும் நீர்மங்களில் கரைத்து, நிறம் சேர்த்துச் செய்கிறார்கள். நீர்மம் காற்றில் கலந்துவிட, நகத்தின்மீது மெல்லிய படலம் எஞ்சுகிறது. அமெரிக்காவில் 1932இல் ரெவ்லான் நிறுவனம் நகப்பூச்சை வைத்தே தன் வணிகத்தைத் தொடங்கியது. நம் நாட்டில் 1952இல் டாட்டா குழுமம் லாக்மே நிறுவனத்தைத் தொடங்கிய பின் இத்தகைய அழகுப் பொருள்கள் நடுத்தர வீடுகளுக்குள் நுழைந்தன. இன்று பெட்டிக்கடையிலும் சில ரூபாய்க்குக் கிடைக்கிறது.

படகின் நிழலில்

நான் சென்றபோது மாலை நான்கு மணி. மே மாதம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் நம் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. மீன்கள் முட்டையிட்டுப் பெருகுவதற்கான ஓய்வு அது. குப்பத்தாருடையவை சிறிய நாட்டுப் படகுகள் ஆதலால் அவர்களுக்குத் தடை இல்லை. ஆயினும் அன்று சில படகுகள் பழுதுபார்ப்பதற்காகக் கரையேற்றப்பட்டிருந்தன. அவற்றுள் ஒன்றின் நிழலில் ஐந்து பெண் பிள்ளைகள் அமர்ந்திருந்தனர். நடுவில் ஒரு பழைய தாம்பாளம். அதில் ஏழெட்டுச் சிறு புட்டிகள், பஞ்சு, தென்னை ஈர்க்கு, குண்டூசி. பத்தாம் வகுப்புத் தேர்வை அப்போதுதான் முடித்திருந்த பெண் தலைமை தாங்கினாள். என்னைக் கண்டதும் எல்லோரும் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார்கள். "காட்டுங்கள், பார்ப்போம்" என்றேன். தயங்கித் தயங்கிக் கைகள் முன்னே வந்தன.

ஐம்பது நகங்களிலும் கடல் இருந்தது!

செய்முறையை அவர்களே விளக்கினார்கள். வீட்டில் விடுமுறையைக் கழிக்கும் நம் இல்லத்துப் பெண் பிள்ளைகளுக்கும் பயன்படுமாதலால் அதை இங்கே எழுதுகிறேன். முதலில் கையைக் கழுவி ஈரம் போகத் துடைக்க வேண்டும். எண்ணெய்ப் பசை இருந்தால் பூச்சு நிற்காது. அடுத்து நிறமற்ற அடிப்பூச்சு ஒன்று. அது இல்லாமல் அடர்ந்த நீலத்தை நேராகப் பூசினால் நகம் மஞ்சள் பாரித்துவிடும். அதன்மேல் வெண்மையோ இளநீலமோ மெலிதாக இருமுறை. ஒரே முறை தடிப்பாகப் பூசினால் உள்ளே உலராமல் சுருங்கும். பின்னர், பாத்திரம் துலக்கப் பயன்படுத்தும் ஸ்பாஞ்சில் புதிதாக ஒரு சிறு துண்டு நறுக்கி, அதில் மூன்று நிறங்களை அடுத்தடுத்துக் கோடாகத் தடவி, நகத்தின்மேல் மெல்ல ஒற்றி எடுக்க வேண்டும். நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து, கரைமுதல் ஆழம்வரை உள்ள கடலாகிவிடும்.

அந்த மூன்று நிறங்களைத் தேர்ந்ததில்தான் குப்பத்துப் பிள்ளைகளின் கண்ணைக் கண்டேன். நகரத்துப் படங்களில் கடல் கரையிலிருந்தே நீலமாக இருக்கும். இவர்களோ முதற்கோட்டில் மங்கிய மண்ணிறத்தை வைத்திருந்தார்கள். ஏன் என்று கேட்டதற்கு, "கரையாண்ட தண்ணி எப்பவும் கலங்கல்தான் ஃபாதர். கொஞ்சம் தள்ளிப் போனா பச்சை. அப்பா வலை போடுற எடத்துலதான் கருநீலம்" என்றாள் ஒருத்தி. கண்டதைக் கண்டவாறு எழுத வேண்டும் என்று பெரிய ஓவியர்கள் பல்லாண்டு பயின்று அறிவதை, எட்டாம் வகுப்புப் பிள்ளை படகு நிழலில் அறிந்து வைத்திருந்தாள்!

அலைநுரைக்கு ஈர்க்கின் கூரிய முனையால் வெள்ளை வளைவுகள். மணலுக்குப் பொன்துகள் கலந்த பூச்சு. குண்டூசியின் கொண்டையை வண்ணத்தில் தோய்த்து வைத்தால் ஒரு பெரிய பச்சைப் புள்ளி. அதைச் சுற்றி ஐந்து சிறு புள்ளிகள். அது ஆமை. பங்குனித் திங்களில் கரையேறி முட்டையிடுவதால் நம் கடலோர மக்கள் அதைப் பங்குனி ஆமை என்பர். 1988 முதல், நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை மாணவர்கள் இரவெல்லாம் நடந்து அதன் முட்டைகளைக் காத்துவருவது நல்ல செய்தி. 2025 சனவரியில் நூற்றுக்கணக்கான ஆமைகள் சென்னைக் கரையில் செத்து ஒதுங்கியது துயரச் செய்தி. இரண்டையும் அப்பிள்ளைகள் அறிந்திருந்தார்கள். மூன்று பழுப்புக் கோடுகளும் அவற்றைக் குறுக்கே கட்டிய ஒரு வெள்ளைக் கோடும் கட்டுமரம். கறுப்புப் பூச்சின்மேல் ஒளிரும் நீலக் கீற்று ஒன்றும் கண்டேன். 2019 ஆகஸ்டில் ஓரிரவு இக்கடற்கரையில் அலைகள் நீலமாக ஒளிர்ந்ததல்லவா, அதுவாம் அது! கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் நீர் கலங்கும்போது உமிழ்ந்த ஒளி அது.

மீனின் செதில் போலத் தோன்றச் செய்வதற்கு, வலைத்துண்டை நகத்தின்மேல் இறுக்கிப் பிடித்து வண்ணத்தை ஒற்ற வேண்டும். வலையை எடுத்தால் கண்ணி கண்ணியாகப் பதிந்திருக்கும். அப்பாவின் பழைய வலையை வெட்டி வந்து முயன்றார்களாம். "விரல் முழுசும் ஒரு கண்ணுக்குள்ள பூந்துட்டுது ஃபாதர்!" என்று சொல்லிச் சிரித்தார்கள். பிறகு கிழிந்த கொசுவலை கைகொடுத்தது. எல்லாம் உலர்ந்தபின் நிறமற்ற மேற்பூச்சு ஒன்று இட்டால் ஒரு வாரம் நிற்கும்.

செபமாலை செய்தவரும் மீன் செதிலும்

அத்தாம்பாளத்தில் முத்துப் போல் மின்னும் வெள்ளைப் புட்டி ஒன்று இருந்தது. அதைக் கையில் எடுத்தபோது, முன்பு படித்த ஒரு வரலாற்றை அவர்களுக்குச் சொன்னேன்.

பதினேழாம் நூற்றாண்டில் பாரிசு நகரில் ஜாக்கேன் என்ற கைவினைஞர் இருந்தார். செபமாலை மணிகள் செய்வது அவர் தொழில். சிறு ஆற்றுமீன்களைக் கழுவிய நீரில் வெள்ளிபோன்ற மினுமினுப்பு மிதப்பதை அவர் கண்டார். அந்த மினுமினுப்பைத் திரட்டி, உள்ளே கூடான கண்ணாடி மணிகளின் உட்புறத்தில் பூசி, மெழுகால் நிரப்பினார். மெய்யான முத்தென்றே தோன்றும் மணிகள் பிறந்தன. முத்து வாங்க இயலாத எளியவரின் கையிலும் முத்துச் செபமாலை தவழ்ந்தது. கடல்முத்து கிழக்கிலிருந்து வந்த காலமாதலால் அச்சாற்றுக்குக் கீழ்த்திசைச் சாறு என்னும் பொருளில் பெயரிட்டார்கள். ஆயிரக்கணக்கான மீன்களின் செதிலிலிருந்து சிறிதளவே கிடைக்கும். பிற்காலத்தில் நகப்பூச்சுக்கு முத்தொளி தந்ததும் இச்சாறே. இப்போது அபிரகம் போன்ற தாதுப் பொருள்களைக் கொண்டே பெரும்பாலும் அந்த ஒளியை உண்டாக்குகிறார்கள். மீன்செதிலிலிருந்து எடுப்பதும் இன்னும் முற்றிலும் நின்றுவிடவில்லை.

அந்த வெள்ளியின் பெயர் குவானின். மீனின் தோலில் அது நுண்ணிய படிகங்களாக அடுக்கடுக்காக அமைந்து, கண்ணாடிபோல் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. கீழிருந்து இரைதேடி வரும் பெரிய மீனுக்கு, மேலே மின்னும் நீரும் சிறு மீனின் வயிறும் ஒன்றாகத் தோன்றும்; சிறு மீன் பிழைக்கும். அதே குவானின் நம் உடலின் உயிரணுக்களில், மரபுச் செய்தியை எழுதிய நான்கு எழுத்துகளுள் ஒன்றாகவும் இருக்கிறது. படைத்தவரின் கைத்திறனை என்னென்பது!

இதைச் சொல்லிக்கொண்டிருக்கையில் படகின் மறுபுறத்தில் யாரோ சிரித்தார்கள். அந்தப் பெண்ணின் பாட்டி, எழுபதைத் தாண்டியவர். அரிவாள்மனையின் முன் அமர்ந்து வாளை மீன் அறுத்துக்கொண்டிருந்தார். நாடாப்போல் நீண்டு, செதில் இன்றி, உடல் முழுதும் வெள்ளி பூசினாற்போல் இருக்கும் மீன் அது. தொட்டால் வெள்ளி கையில் ஒட்டும். அவர் இரு கைகளையும் தூக்கிக் காட்டினார். விரல், நகம், நகக்கண் எங்கும் வெள்ளி. "அப்படின்னா சாமி, நான் அம்பது வருசமா பூசிக்கினுதான் கீறேன்! காசு குடுத்தா வாங்குனேன்?" என்றார்.

பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தார்கள். பேத்தி மட்டும் சிரிக்கவில்லை. சற்று நேரம் கழித்து, தலைகுனிந்தபடி என்னிடம் ஒன்று சொன்னாள். தேர்வுக்கு முன்பு வகுப்பில் ஒரு தோழியிடம் எழுதுகோலைக் கொடுத்தாளாம். வாங்கிய தோழி அதை முகர்ந்து பார்த்து, மீன் வாடை அடிக்கிறது என்றாளாம். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்களாம். அன்றுமுதல் காலையில் தாய்க்கு மீன் கழுவிக் கொடுப்பதை நிறுத்திவிட்டாள். மணமுள்ள சோப்பால் கையை மூன்று முறை கழுவினாள். நகத்தை அழகுபடுத்தத் தொடங்கியதும் அதன்பின்னரே. "யாராவது என் கையைப் பார்த்து நல்லாருக்குன்னு சொல்லணும் ஃபாதர். ஒரு தடவையாவது" என்றாள்.

தாய் கொண்டுவந்த முறையீட்டுக்குள் இப்படியொரு முறையீடு மறைந்திருந்தது. பெண் அலங்காரத்தில் மூழ்கிவிட்டாள் என்று தாய் எண்ணினார். மகளோ, தாயின் தொழில் தன் விரலில் ஒட்டியிருப்பதை மறைக்கவே வண்ணத்தை நாடியிருந்தாள். ஆனால் வண்ணம் எடுத்துத் தீட்டியபோது அவள் கை என்ன தீட்டியது? கலங்கல் நீர், கட்டுமரம், வலை, செதில், ஆமை. எதை மறைக்க எண்ணினாளோ அதையே பத்து நகங்களிலும் எழுதி வைத்திருந்தாள். இதை அவளிடம் சொன்னேன். அவள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். பிறகு எழுந்து பாட்டியிடம் போனாள். "ஆயா, கைய கழுவிட்டு வா. உனக்கும் போடுறேன்" என்றாள்.

ஒரு நகத்தில் விண்மீன்

கிழவி முதலில் மறுத்தார். இந்த வயதில் என்ன கூத்து என்றார், பேத்தி விடவில்லை. ஒவ்வொரு விரலாக வண்ணம் ஏறியது. வலக்கை முடிந்து இடக்கைக்கு வந்தபோது மோதிரவிரல் நகத்தைக் கண்டோம். மற்ற நகங்களைப்போல் அது நேராக இல்லை. நடுவில் பிளந்து, தடித்து, ஒருபுறம் சாய்ந்து வளர்ந்திருந்தது. அதிலும் அலை எழுதப் பேத்தி ஈர்க்கைத் தோய்த்தாள். கிழவி கையை இழுத்துக்கொண்டார். "அதுல அலை வேணாம்" என்றார்.

2004 திசம்பர் 26. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை. ஆழிப்பேரலை கரைக்குள் புகுந்தபோது கிழவி ஒரு வீட்டின் சன்னல் கம்பியைப் பற்றிக்கொண்டார். ஒரு கையில் கம்பி. மறு கையில் அண்டை வீட்டுக் குழந்தை. நீர் இழுத்த இழுப்பில் நகம் வேரோடு பெயர்ந்தது. கம்பியை அவர் விடவில்லை. குழந்தை பிழைத்தது. நகம் பல மாதம் கழித்து முளைத்தது. வேர் காயப்பட்டிருந்ததால் கோணலாகவே வளர்ந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அது நேராகவில்லை. பேரலைக்குப் பின் பிறந்த பேத்திக்கு இது தெரியாது. யாரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. கடற்கரைக் குடும்பங்களில் அந்நாளைப் பற்றிப் பேசுவது குறைவு.

பெண் வெகுநேரம் அவ்விரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு அந்தக் கோணல் நகத்தில் கருநீலம் பூசி, ஊசிமுனையால் ஒரே ஒரு வெள்ளை விண்மீனை எழுதினாள். அலை எழுதவில்லை. நம் திருச்சபை மரியன்னையைக் கடலின் விண்மீன் என்று அழைப்பதை நான் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. மறைக்கல்வி வகுப்பில் கேட்டிருப்பாள். அல்லது, இரவில் தந்தை கடலிலிருந்து கரை திரும்ப விண்மீனைப் பார்ப்பதைக் கேட்டிருப்பாள். எதுவாயினும் பொருத்தமான அடையாளமே. "இது நல்லாக்கீது" என்றார் கிழவி. அதற்குமேல் ஒன்றும் சொல்லாமல் மீன் அறுக்கப் போய்விட்டார்.

கை பற்றிய சில எண்ணங்கள்

அன்பார்ந்த இல்லத்தோரே, அணிகலனும் ஆடையும் பெண்ணின் அழகுக்கு அடிப்படை ஆகா என்று புனித பேதுருவும் புனித பவுலும் தம் திருமடல்களில் அறிவுறுத்தியிருப்பதை நாம் அறிவோம். அவ்வறிவுரை என்றைக்கும் உரியது. அதன் நோக்கம் பொன்னாலும் முத்தாலும் பிறரினும் தன்னை உயர்த்திக் காட்டும் செருக்கைக் கடிவது. ஒரு கிராம மங்கை நகத்தில் ஆமை எழுதுவதை அவர்கள் கண்டிருந்தால் கடிந்திருப்பார்கள் என்று நான் எண்ணவில்லை. இல்லறத்தாரின் தூய வாழ்வுக்கென்றே 1609இல் பக்தி வாழ்வுக்கு வழிகாட்டும் நூலை வெளியிட்ட புனித பிரான்சிசு சலேசியார், உடையைப் பற்றி ஒரு தனி அதிகாரமே எழுதினார். பக்தியுடையோர் கூட்டத்தில் யாவரினும் செம்மையாக உடுத்தியிருக்க வேண்டும், ஆனால் யாவரினும் பகட்டுக் குறைந்தவராக இருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. துப்புரவும் எளிமையும் நேர்த்தியும் பக்திக்குப் பகை அல்ல என்பதை அவரிடம் கற்கலாம்.

மற்றொன்றும் எண்ண வேண்டும். விண்ணரசின் திறவுகோல்களைப் பெற்ற கை எத்தகைய கை? வலை இழுத்துக் காய்ப்பேறிய கை. மீன் வாடை நீங்காத கை. உயிர்த்த ஆண்டவர் திபேரியக் கடற்கரையில் கரிநெருப்பு மூட்டி மீன் சுட்டுத் தம் சீடருக்குப் பரிமாறினார் என்று புனித யோவான் எழுதுகிறார். மீனைப் பரிமாறிய அக்கைகளில் காயத்தின் தழும்பு இருந்தது. அத்தழும்பைத் தொட்டுப் பார்க்க விரும்பிய புனித தோமாவின் கல்லறைமீது எழுந்த ஆலயம், இக்குப்பத்துக்குச் சில கல் தொலைவிலேயே மயிலையில் நிற்கிறது. தம் மக்களைத் தம் உள்ளங்கையில் பொறித்து வைத்திருப்பதாக ஆண்டவர் கூறுவதை இறைவாக்கினர் எசாயா 49ஆம் அதிகாரத்தில் பதிவு செய்திருக்கிறார். கையில் எழுதுவது அன்பின் செயல். உழைத்த கையின் கோணல் நகம் அந்த எழுத்துக்குத் தகுதியற்றதன்று.

ஆதலால் அந்தத் தாய்க்கு நான் சொன்னது இதுவே: "அம்மா, பிள்ளை நகத்துக்கு வண்ணம் பூசட்டும். காலையில் மீன் கழுவவும் வரட்டும். இரண்டும் ஒரே கையால் ஆகும்." மறுநாள் முதல் அவள் கழுவ வந்தாள் என்று பின்னர்க் கேள்விப்பட்டேன்.

பெற்றோர் கவனத்துக்கு

இக்கலையை வீட்டில் செய்ய விரும்பும் பிள்ளைகளுக்குச் சில எச்சரிக்கைகளைச் சொல்வது பெற்றோரின் கடமை.

நகப்பூச்சும் அதை நீக்கும் அசிட்டோன் நீர்மமும் எளிதில் தீப்பற்றுபவை. அடுப்பருகிலோ, எரியும் மெழுகுதிரி அருகிலோ, திருவுருவப் படத்தின் முன் விளக்கு எரியும் இடத்திலோ புட்டியைத் திறத்தலாகாது. காற்றோட்டமுள்ள இடத்தில் அமர்ந்து பூச வேண்டும்.

விரல் சூப்பும் வயதுக் குழந்தைகளுக்கும், நகம் கடிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கும் பூச்சு வேண்டா. புட்டிகள் சிறுவர் கைக்கு எட்டாமல் இருக்கட்டும்.

உலர்ந்த பூச்சைச் சுரண்டி எடுத்தால் நகத்தின் மேலடுக்கும் கூடவே பெயரும். நீக்கும் நீர்மத்தைப் பஞ்சில் நனைத்துச் சற்று வைத்திருந்து துடைக்க வேண்டும். பின் கையைக் கழுவித் தேங்காய் எண்ணெய் தடவுவது நலம். சில நாள்கள் நகத்தை வெறுமையாக விட்டு வைப்பதும் நன்று.

மருத்துவமனைக்கு, சிறப்பாக அறுவைச் சிகிச்சைக்குச் செல்லுமுன் பூச்சை நீக்கிவிட வேண்டும். நகத்தின் இயற்கை நிறத்தைக் கண்டு மருத்துவர் அறியக்கூடியவை பல. விரலில் மாட்டி உயிர்வளியின் அளவைக் காட்டும் கருவியும் அடர்ந்த நிறத்தின்மீது தவறாகக் காட்டக்கூடும்.

விரைவில் கறுக்கும் என்று விற்கப்படும் கறுப்பு மருதாணியைத் தவிர்க்க வேண்டும். தலைமுடிச் சாயத்தில் சேர்க்கும் வேதிப்பொருளை அதில் கலப்பதுண்டு. தோல் கொப்பளித்துத் தழும்பாகும். அம்மியில் அரைத்த பச்சிலைக்கு இக்குறை இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு வேண்டுகோள். இவ்விடுமுறையில் உங்கள் பெண் தன் நகத்துக்கு வண்ணம் பூசி முடித்ததும், வீட்டில் உள்ள முதியவரின் கையையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பாத்திரம் துலக்கித் தேய்ந்த நகம், தையல் ஊசி குத்திக் காய்த்த விரல், சுண்ணாம்பில் வெந்த நுனி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறு இருக்கும். வண்ணம் உலரும் கால் மணி நேரம் கையை அசைக்க இயலாது. எழுந்து போகவும் இயலாது. அவ்வேளையில் அவள் கேட்கட்டும், முதியவர் சொல்லட்டும். கடலின் விண்மீனாம் நம் அன்னை, கரையோரத்து இல்லங்களையும் நகரத்து இல்லங்களையும் ஒருங்கே காத்தருள்வாராக.